கையிருப்பில் இல்லை – யாருக்கு?

புதுசாக ஒரு பொருள் சந்தைக்கு வருகிறது. நன்றாக இருக்கிறது, விலையும் கட்டுபடியாகிறது. ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. அடுத்த மாசம் வரும் என்கிறார்கள். வருகிறது, அரை மணி நேரத்தில் மறுபடியும் காலி. ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே "கையிருப்பில் இல்லை". இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்: "எல்லாம் வேணும்னே பண்றாங்க சார், டிமாண்ட் ஏத்துறதுக்கு."

இந்த விளக்கத்தோடு எனக்குப் பல வருஷத் தகராறு உண்டு. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெரியவர்கள் இருக்கும் ஊரில் இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் "வேணும்னே பண்றாங்க" என்று சொன்ன கையோடு யோசனை நின்றுவிடுகிறது. ஏன் தீர்ந்தது, ஏன் தீர்ந்தே கிடக்கிறது, அந்த நேரத்தில் கொஞ்சநஞ்சம் இருந்தது யார் கைக்குப் போனது என்று மூன்று கேள்வி இருக்கிறது. மூன்றுக்கும் விடை வேறு வேறு. எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்து இதைப் பார்க்கிறேன்: ராஸ்பெரி பை.

முதல் நாள்

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரெடிட் கார்டு அளவில் இருக்கும் ஒரு முழுக் கணினி இது. டிவியையும் விசைப்பலகையையும் மாட்டினால் லினக்ஸ் ஓடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், வருகிறவர்களுக்கும் நிரல் எழுதிப் பழக்கமில்லை என்ற கவலையிலிருந்து பிறந்தது. எபென் அப்டனும் நண்பர்களும் 2009இல் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். பையன்களும் பெண்களும் உடைந்துவிடுமே என்று பயப்படாமல் நோண்டிப் பார்க்க மலிவாக ஒரு கணினி வேண்டும் என்பதுதான் நோக்கம். விலை 35 டாலர்.

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனை தொடங்கியது. முதல் தொகுதியில் இருந்தது 10,000 பலகை. விற்பனைக்கு எடுத்திருந்த இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. அடுத்த சில மாதங்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான். அந்த வரம்பை ஜூலையில்தான் எடுத்தார்கள்.

இதில் "வேணும்னே" எங்கே இருக்கிறது? பத்தாயிரம் விற்றாலே பெரிசு என்று நினைத்த ஆட்கள் பத்தாயிரம் செய்தார்கள், அவ்வளவுதான். புதுமையான பொருளுக்கு இது கூடவே பிறந்த நோய். நேற்று வரை இல்லாத ஒரு பொருளுக்குப் பழைய விற்பனைக் கணக்கு கிடையாது. சோப்புக்கு இருக்கும், பிஸ்கட்டுக்கு இருக்கும், இதற்கு இருக்காது.

பூக்காரம்மா கணக்கு

இன்னொன்றும் உண்டு. மேலாண்மைப் பாடத்தில் இதைப் பத்திரிகை விற்பவர் கணக்கு என்பார்கள். நமக்குப் பூக்காரம்மா கணக்கு என்று சொன்னால் இன்னும் புரியும்.

ஒரு முழம் மல்லிகை அவருக்கு 30 ரூபாய்க்கு விழுகிறது, 40க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 10 ரூபாய் லாபம். ராத்திரி மிஞ்சினால் 30 ரூபாயும் போச்சு. அப்படியானால் அவர் எத்தனை முழம் எடுத்து வரவேண்டும்? கணக்குப்படி 10ஐ 10+30ஆல் வகுக்கணும், கால் பங்கு வரும். நான்கு நாளில் ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் பூ கிடைக்கிற அளவுக்குத்தான் எடுத்து வரவேண்டும். மற்ற மூன்று நாளும் யாராவது ஒருவர் "பூ இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அது அவருடைய தந்திரம் இல்லை. அன்றாடம் பிழைக்க வேண்டிய ஆள் போடும் சரியான கணக்கு. லாபமும் நஷ்டமும் இடம் மாறி, விற்றால் 30 லாபம், மிஞ்சினால் 10 நஷ்டம் என்று இருந்தால், அதே அம்மா நான்கில் மூன்று நாள் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்குக் கூடை நிறையக் கொண்டு வருவார்.

பூ ஒரே ராத்திரியில் வாடும். மின்னணுப் பொருள் அடுத்த மாடல் வந்ததும் வாடும். வேகம்தான் வித்தியாசம். ஆக, மெல்லிய லாபத்தில், வாங்குகிறவருக்குச் சாதகமான விலையில் விற்கும் பொருள்தான் அதிகமாகத் தட்டுப்படும். 35 டாலர் கணினியும், 2015 நவம்பரில் 5 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை ஸீரோவும் அந்த ரகம். ஸீரோவை அவர்களுடைய பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகக்கூடக் கொடுத்தார்கள். அது உடனே காலியாகி, பிறகு ரொம்ப காலத்துக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. பிளேஸ்டேஷன் 5 இன்னும் ஒரு படி மேலே. 2020 நவம்பரில் வந்தபோது சோனி அதை நஷ்டத்துக்கு விற்றது. 499 டாலர் மாடலில் நஷ்டம் நின்றதாக அவர்கள் சொன்னதே 2021 ஆகஸ்டில்தான்.

பாராட்டப்படவேண்டிய மலிவு விலைக்குள்ளேயே தட்டுப்பாட்டின் விதை இருக்கிறது. "ஏன் கிடைக்கல" என்று திட்டும்போது இது நினைவுக்கு வருவதில்லை.

சரி, ஏன் இன்னும் நிறைய செய்யக்கூடாது?

முதல் நாள் தீர்ந்தது புரிகிறது. தேவை இவ்வளவு என்று தெரிந்த பிறகும் ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்?

நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி 2006 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது. 2007 முழுக்க, 2008இலும் தேடிப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, மாதத்துக்கு 18 லட்சம் வரை செய்தார்கள், பிறகு 24 லட்சமாக உயர்த்தினார்கள். மொத்தத்தில் 10 கோடிக்கு மேல் விற்றது. அந்தப் பேரை நம்பி அடுத்து இறக்கிய வீ யூ? சுமார் 1.36 கோடியோடு முடிந்தது. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே பேர். தொழிற்சாலையைப் பெரிசாக்கும் முன் ஒருவர் ஏன் இரண்டு தடவை யோசிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வேண்டுமென்றால் பெலோட்டான் இருக்கிறது. 2020இல் பொதுமுடக்கம் வந்ததும் வீட்டுக்குள் ஓட்டும் அவர்களுடைய உடற்பயிற்சி சைக்கிளுக்கு அமெரிக்காவில் அடிதடி. வாங்கினவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், திட்டித் தீர்த்தார்கள். கம்பெனி வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டது. உற்பத்தியைக் கூட்டுவதற்காகவே 42 கோடி டாலர் கொடுத்து இன்னொரு கம்பெனியை வாங்கியது. ஓஹையோவில் 40 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டப்போவதாக 2021இல் அறிவித்தது. அதற்குள் உடற்பயிற்சிக் கூடங்கள் திறந்துவிட்டன. 2022 பிப்ரவரியில் தொழிற்சாலைத் திட்டம் ரத்து, 2,800 பேருக்கு வேலை போச்சு, தலைமை நிர்வாகியும் இறங்கினார். தட்டுப்பாட்டைத் தீர்க்கப் புறப்பட்டவர்களின் கதி இது.

அந்தக் கூட்டமே நிஜமான கூட்டமா என்பதும் சந்தேகம்தான். பொருள் கிடைக்காது என்று தெரிந்தால் வாங்குகிறவர் நாலு கடையில் பதிவு செய்து வைப்பார். நூறு கேட்டால் ஐம்பதுதான் தருவார்கள் என்று தெரிந்த கடைக்காரர் இருநூறு கேட்பார். மொத்த வியாபாரி அதற்கு மேலே கொஞ்சம் போடுவார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது ஒரு ஆளின் ஆசை ஆறு ஆளின் தேவையாகத் தெரியும். ஒரு கடையில் கிடைத்ததும் மற்ற ஆர்டர்களெல்லாம் ஒரே நாளில் ரத்தாகும். இதை அனுபவித்த உற்பத்தியாளர் அடுத்த தடவை ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துப் பாதியைத்தான் நம்புவார்.

வேணும்னே பண்ணினவர்களே இல்லையா என்றால், அந்த வாசனை அடித்த இடங்களும் உண்டு. நின்டெண்டோவின் பழைய விளையாட்டுகளை அடக்கிய சிறிய பெட்டி ஒன்று 2016 நவம்பரில் 59.99 டாலருக்கு வந்தது. 23 லட்சம் விற்றது, ஆட்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். திட்டு தாங்காமல் 2018 ஜூனில் மறுபடி கொண்டுவந்தார்கள். இங்கே சந்தேகப்படுவது நியாயம். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு உரைகல் வேண்டும். என்னுடையது எளிமையானது: தட்டுப்பாட்டால் வரும் கூடுதல் காசு யார் பைக்குப் போகிறது? 499 டாலர் பிளேஸ்டேஷனை ஆயிரம் டாலருக்கு விற்றவன் சோனி இல்லை. நடுவில் தானியங்கி நிரல் வைத்து அள்ளியவன். சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பது மாதிரி. (கொட்டகைக்காரருக்கும் பங்கு உண்டு என்று சொல்வார்கள். அது தனிக் கதை.)

வரிசை

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

பொருள் குறைவு, விலையை ஏற்றவும் மாட்டோம் என்றால், யாருக்குக் கொடுப்பது என்று வேறு ஏதாவது ஒரு விதி வேண்டும். விதியே வைக்காவிட்டாலும் விதி தானாக வந்து உட்காரும்: யார் நடுராத்திரி விழித்திருக்கிறாரோ, யாரிடம் வேகமான நிரல் இருக்கிறதோ, யாருக்குக் கடைக்காரர் தெரிந்தவரோ, அவருக்கு.

"ஆளுக்கு ஒன்று" என்று தளங்கள் அறிவிக்கும். நம்ம ரேஷன் கடையும் அளந்துதான் கொடுக்கிறது. அங்கே அது நடப்பதற்குக் காரணம் குடும்ப அட்டை. யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்று பதிவு இருக்கிறது. அட்டை இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று சொன்னால் பத்து மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவன் பத்து ஆள் ஆகிவிடுகிறான்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. வால்வ் கம்பெனி 2021 ஜூலையில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அறிவித்தது. ஐந்து டாலர் கட்டினால் வரிசையில் இடம். முதல் இரண்டு நாள், ஏற்கெனவே அவர்களிடம் விளையாட்டு வாங்கிய பழைய கணக்கு உள்ளவர்கள் மட்டுமே பதிவு செய்யலாம். பழைய கணக்குதான் குடும்ப அட்டை. கருவி வருவது தாமதமாகி 2022 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறைய. ஆனாலும் தான் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது காத்திருந்தவருக்குத் தெரியும். தட்டுப்பாடு அப்படியே இருந்தது, அவமானம் இல்லை.

ராஸ்பெரி பைக்கு வருவோம். 2021இல் உலகம் முழுக்க சிப் பஞ்சம். சிப் இன்றைக்குக் கேட்டு நாளைக்கு வாங்குகிற சரக்கு இல்லை. ஆலைக்குள் நுழைந்து வெளியே வரவே மாதக்கணக்கில் ஆகும், அதற்கு முன் வரிசை வேறு. முந்தைய வருஷத்தைப் போலவே ஏறத்தாழ 70 லட்சம் பலகைதான் செய்ய முடியும் என்று அந்த அக்டோபரில் அப்டன் எழுதினார். 2 ஜிபி மாடலின் விலையை 35இலிருந்து 45 டாலராக ஏற்றினார்கள். அவர்கள் விலை ஏற்றியது அதுதான் முதல் தடவை. 2022 ஏப்ரலில் நிலைமையை விளக்கினார்: மாதத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் பலகை செய்கிறோம், இதை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறோம்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஸ்பெரி பையை உள்ளே வைத்துக் கருவி செய்து விற்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள் ஏராளம். பலகை வராவிட்டால் சம்பளம் போட முடியாது. வீட்டில் பொழுதுபோக்காக நோண்டுகிறவர் இரண்டு மாதம் பொறுக்கலாம். இப்படித்தான் வாதம் போனது.

எனக்கு இந்த வாதம் இடிப்பது "பொழுதுபோக்கு" என்ற வார்த்தையில். தனியாக ஒன்று வாங்க வருகிறவர் எல்லாரையும் அந்த ஒரே வார்த்தைக்குள் அடைத்துவிட்டார்கள். 2022இல் எனக்குத் தெரிந்த மூன்று பொறியியல் மாணவிகள், கடைசி வருஷத் திட்டப்பணிக்காக, வேர்க்கடலை இலையில் வரும் டிக்கா நோயைப் படம் எடுத்து அடையாளம் காணும் கருவி ஒன்று செய்ய முனைந்தார்கள். பலகைக்காக அலைந்தார்கள். ஒரு கடையில் பட்டியல் விலையைப் போல இரண்டரை மடங்கு கேட்டார்கள், அதுவும் பில் இல்லாமல். இன்னொரு இடத்தில் "நூறு பீஸ் எடுக்கிறதா இருந்தா சொல்லும்மா, ஏற்பாடு பண்றேன்" என்றார்கள். ஒன்று கிடையாதாம், நூறு கிடைக்குமாம்! கடைசியில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை வைத்து ஒப்பேற்றினார்கள். மதிப்பெண் வந்தது. ஆனால் லினக்ஸை நிறுவி, கேமராவை இணைத்து, ஓடாமல் முட்டிக்கொண்டு நின்று, ராத்திரி இரண்டு மணிக்கு ஓடவைக்கிற அந்த அனுபவம் வரவில்லை. கம்பெனி இரண்டு மாதம் நஷ்டத்தைத் தாங்கினால் மூன்றாவது மாதம் ஈடுகட்டலாம். கடைசி வருஷம் திரும்ப வராது. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு வரும் ஆர்வமும் அப்படித்தான், பதினான்கு வயசு வரை அது வாசலிலேயே காத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்றும் சொல்லணும். தொழில் நிறுவனங்கள் ராஸ்பெரி பையைத் தேடி வந்ததே எதனால்? அதைவிட வேகமான, சில சமயம் மலிவான பலகைகள் சந்தையில் உண்டு. இதில் எந்தச் சிக்கல் வந்தாலும் தேடினால் பதில் கிடைக்கும். அந்தப் பதில்களை எழுதினது யார்? ராத்திரி உட்கார்ந்து நோண்டின அந்தப் "பொழுதுபோக்கு" ஆட்கள். மரத்துக்குத் தண்ணி ஊத்தினவனைப் பழம் பறிக்கிற நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்தின மாதிரி ஆச்சு.

வேறு வழியே இல்லை என்றால் நானும் விட்டிருப்பேன். வழி இருந்தது என்பதை அவர்களே நிரூபித்தார்கள். 2022 டிசம்பரில், தனியாக வாங்குபவர்களுக்கென்று ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான பலகைகளை ஒதுக்கினார்கள். மாதம் ஐந்து லட்சம் செய்கிற இடத்தில் அது ஒரு மாத உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு. 2023 செப்டம்பரில் ராஸ்பெரி பை 5ஐ அறிவித்தபோது இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: குறைந்தது வருஷக் கடைசி வரை அத்தனையும் தனிநபர்களுக்குத்தான். அதாவது வேலி போட்டு ஒதுக்கி வைக்க முடியும். அப்படியானால் 2021இலேயே மாதத்தில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பலகை, பள்ளிக்கும் மாணவர்களுக்கும் என்று வேலி போட்டிருக்கலாம். நிறுவனங்களுக்கு அப்போதும் பத்தில் ஒன்பது பங்கு கிடைத்திருக்கும்.

நியாயமாக ஒன்றையும் குறிக்கணும். அந்தப் பஞ்சத்திலும் 4 டாலர் பிக்கோ பலகை தாராளமாகக் கிடைத்தது. அதிலிருக்கும் சிப் அவர்களே வடிவமைத்தது, ரொம்பச் சின்னது, ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். விசைப்பலகைக்குள் அடங்கிய பை 400உம் ஓரளவு கிடைத்தது. இரண்டையும் பாருங்கள் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் பிக்கோ ஒரு முழுக் கணினி இல்லை, அதில் லினக்ஸ் ஓடாது. பை 400 நல்ல பொருள்தான், ஆனால் அப்போது அதன் விலை 70 டாலராக இருந்தது. 35 டாலர் கணினி என்ற வாக்குறுதிக்கு இரண்டுமே ஈடாகாது.

ஆகவே

தட்டுப்பாடு சதி என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேவையைக் கணிக்க முடியாமை, மெல்லிய லாபம், சிப் ஆலையின் மெதுவான நடை, மிஞ்சிப்போகுமோ என்ற பயம், பொய் ஆர்டர் எல்லாம் சேர்ந்தாலே போதும், யாரும் சதி செய்யவேண்டியதில்லை. நல்ல பொருள், மலிவான பொருள், புதுப் பொருள் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது தீர்ந்துதான் போகும்.

ஆனால் வரிசை அப்படித் தானாக வருவதில்லை. அதை ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்கிறார்கள். தட்டுப்பாடு இயற்கை மாதிரி வந்ததால் பங்கீடும் இயற்கை மாதிரி நடந்தது என்று நாமும் விட்டுவிடுகிறோம். "வேணும்னே பண்றாங்க" என்ற கோபத்தை உற்பத்தி எண்ணிக்கை மேல் செலவழிப்பதால், உண்மையிலேயே வேணும்னே எடுத்த இந்த முடிவின் மேல் ஒரு கேள்வியும் விழுவதில்லை.

கல்விக்காகப் பிறந்தோம், எல்லோருக்கும் என்று பிறந்தோம் எனச் சொல்லிக்கொள்ளும் எந்த நிறுவனமும், சரக்கு நிறைய இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம்: பஞ்சம் வந்தால் முதலில் யாருக்கு, எத்தனை பங்கு, அதை எப்படிச் சரிபார்ப்போம். பஞ்சம் வந்த பிறகு எழுதினால், பெரிய ஆர்டர் வைத்திருப்பவரின் குரல்தான் அந்த அறையில் கேட்கும். ஒன்றே ஒன்று வாங்க வந்த மாணவிக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.